தாய்லாந்துக்காரர்கள் புத்தகம் படிக்கிறார்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாய்லாந்து என்றதும் நம் ஆட்களுக்குக் கடற்கரை, கோயில், சாப்பாடு இவைதான் நினைவுக்கு வரும். அங்கே மக்கள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. கேட்பவர்களும் பெரும்பாலும் "அவர்கள் படிப்பதே இல்லையாமே" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அந்தப் பேச்சு ஒரு நாட்டு வாசகர்களுக்கு இழைக்கும் அநீதி என்று நினைக்கிறேன். ஏன் என்பதைக் கேள்வி பதிலாகவே சொல்லிவிடுகிறேன்.

"தாய்லாந்துக்காரர்கள் வருஷத்துக்கு எட்டு வரிதான் படிக்கிறார்கள்" என்கிறார்களே, உண்மையா?

இல்லை. இதைச் சொல்பவர்கள் வெளியாட்கள் மட்டுமல்ல. தாய்லாந்துக்குள்ளேயே ஆசிரியர்களும் அரசியல்வாதிகளும் பத்திரிகைகளும் பல வருஷமாகத் திருப்பித் திருப்பிச் சொல்லிவரும் வாக்கியம் இது. காலையில் செய்தித்தாளின் முதல் பக்கத்தைப் புரட்டினாலே எட்டு வரிக்கு மேல் ஆகிவிடும். அப்புறம் எப்படி வருஷம் முழுக்க எட்டு வரி?

அந்த நாட்டுத் தேசியப் புள்ளியியல் அலுவலகம் வாசிப்பைப் பற்றித் தொடர்ந்து கணக்கெடுத்து வந்திருக்கிறது. அது அளப்பது வரிகளை அல்ல, நிமிடங்களை. படிக்கும் பழக்கம் உள்ளவர்கள் ஒரு நாளைக்குச் சராசரியாகச் செலவிடும் நேரம் 2008இல் 39 நிமிடம், 2011இல் 35, 2013இல் 37, 2015இல் 66, 2018இல் 80. ஆறு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 78.8 சதவீதம் பேர் படிக்கிறார்கள் என்றது 2018 கணக்கு.

37 நிமிடம் இரண்டே வருஷத்தில் 66 ஆனது எப்படி? திடீரென்று எல்லாரும் புத்தகப் பிரியர்களாகிவிட்டார்களா?

ஆகவில்லை. அளவுகோல் மாறியது. சமூக ஊடகப் பதிவுகள், குறுஞ்செய்தி, மின்னஞ்சல் ஆகியவற்றைப் படிப்பதும் 2015 கணக்கெடுப்பில் வாசிப்பாகச் சேர்க்கப்பட்டது. கூடவே, ஸ்மார்ட்போன் வேகமாகப் பரவியதும் அதே காலத்தில்தான். எனவே 37ஐயும் 80ஐயும் பக்கத்தில் வைத்து "வாசிப்பு இரண்டு மடங்கானது" என்று சொன்னால் தப்பு. "இதெல்லாம் வாசிப்பே இல்லை, பழைய கணக்குதான் நிஜம்" என்று சொன்னாலும் தப்பு.

என்னைக் கேட்டால், அந்த 80 நிமிடத்துக்குள் இரண்டு வேறு பழக்கங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, கண்ணில் பட்டதை மேய்வது. இன்னொன்று, ஒரே கதையை வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் விடாமல் தொடர்வது. இரண்டுக்கும் கருவி போன்தான். ஆனால் இரண்டாவதை மேய்ச்சல் கணக்கில் தள்ளிவிட்டால், இன்றைய தாய்லாந்து வாசகர்களில் மிகத் தீவிரமானவர்களையே பார்க்காமல் விட்டவர்களாவோம்.

போனில் அப்படி என்னதான் படிக்கிறார்கள்?

இணைய நாவல். தாய்லாந்து வாசிப்பைப் புரிந்துகொள்ள விரும்பினால் இங்கேதான் தொடங்க வேண்டும்.

டெக்-டி என்ற தளம் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கானது. நுழைவுத் தேர்வு விவரம் பார்க்க வந்த பிள்ளைகள் அங்கேயே கதை எழுதவும் படிக்கவும் ஆரம்பித்தார்கள். பிறகு ரீட்-எ-ரைட், துன்வலாய், ஃபிக்‌ஷன்லாக் என்று தளங்கள் பெருகின. ஜாய்லடா என்ற செயலியில் கதை முழுவதும் இரண்டு பேர் சாட் செய்வது போலவே நகரும். திரையைத் தட்டத் தட்ட அடுத்த உரையாடல் வந்து விழும்.

நடைமுறை இப்படி: எழுத்தாளர் ஓர் அத்தியாயத்தை ஏற்றுகிறார். படித்தவர்கள் அடியில் கருத்துப் போடுகிறார்கள். "அவன் இன்றைக்கே மன்னிப்புக் கேட்டாக வேண்டும்" என்று ஒருவர், "ஒரு வாரம் காத்திருக்க முடியாது" என்று இன்னொருவர். முதல் சில அத்தியாயங்கள் இலவசம். கதை சூடு பிடித்ததும் அத்தியாயத்துக்குப் பூட்டுப் போடப்படும். திறக்க வேண்டுமானால் தளத்தில் வாங்கி வைத்திருக்கும் 'காசு' கொடுக்க வேண்டும். ஓர் அத்தியாயத்துக்குச் சில பாட்தான் (பாட் அந்த நாட்டு நாணயம்). கதை நன்றாகப் போனால் முன்பதிவு வாங்கி அச்சுப் புத்தகமாகவும் போடுகிறார்கள். போனில் முழுக்கப் படித்து முடித்த அதே வாசகர், அட்டைப்படத்துக்காகவும் உள்ளே வரும் கூடுதல் அத்தியாயத்துக்காகவும் அச்சுப் பிரதியையும் வாங்குகிறார். போன் வந்ததால் புத்தகம் ஒழிந்தது என்று சொல்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

இதில் ஒரு பெரும் பிரிவு, ஆணும் ஆணும் காதலிக்கும் கதைகள். அங்கே 'வாய்' நாவல் என்பார்கள். ஜப்பானியக் காமிக்ஸிலிருந்து வந்த வகை. எழுதுபவர்களும் படிப்பவர்களும் பெரும்பாலும் பெண்கள். 2014க்குப் பிறகு இவை ஒன்றன்பின் ஒன்றாகத் தொலைக்காட்சித் தொடர்களாகி, ஆசியா முழுக்கவும் லத்தீன் அமெரிக்கா வரைக்கும் ரசிகர்களைச் சேர்த்தன. பள்ளி மாணவி ஒருத்தி இரவில் போனில் தட்டச்சு செய்த கதை வெளிநாட்டுத் திரைகள் வரை போகக்கூடிய பாதை இது.

மின்னூல் விற்பனையில் பெரிய பெயர் 'மெப்'. 2023இல் பங்குச் சந்தையில் பட்டியலிடப்படும் அளவுக்கு வளர்ந்தது. படிக்காத நாட்டில் மின்னூல் விற்று ஒரு நிறுவனம் அங்கே போய்ச் சேர முடியாது.

வார இதழ்கள் எல்லாம் மூடிவிட்டார்களாமே?

நிறைய மூடின. 1954இல் தொடங்கிய 'சகுன் தாய்' என்ற பெண்கள் வார இதழ் 2016இல் நின்றது. வாசகர்களே எழுதி அனுப்பும் வாழ்க்கைக் கதைகளால் வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்திருந்த 'கூ சாங் கூ சோம்' 2017 முடிவில் நின்றது. 'தி நேஷன்' ஆங்கில நாளிதழ் 2019இல் அச்சை நிறுத்திக்கொண்டு இணையத்துக்குப் போனது. விளம்பரம் போனுக்குப் போய்விட்டது, அதுதான் முக்கியக் காரணம்.

ஆனால் இழப்பு சின்னதல்ல. நம் ஊரில் வார இதழ்த் தொடர்கதைகள் ஒரு தலைமுறையையே வளர்த்த மாதிரி, அங்கேயும் நாவலாசிரியர்கள் இந்த இதழ்களில் வாரம் ஓர் அத்தியாயமாக எழுதித்தான் வந்தார்கள். தமயந்தி என்ற புராணப் பெயரையே புனைபெயராக வைத்துக்கொண்ட எழுத்தாளர் (2021இல் காலமானார்) அப்படி எழுதியவைதான் திரும்பத் திரும்பத் தொலைக்காட்சி நாடகங்களாயின. இதழ்கள் போனாலும் தொடர்கதை சாகவில்லை. டெக்-டிக்கும் ரீட்-எ-ரைட்டுக்கும் குடிபெயர்ந்துவிட்டது.

இறந்தவர் வீட்டில் புத்தகம் கொடுப்பார்கள் என்கிறார்களே, அது என்ன?

இந்த வழக்கத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்த மனம் வராது.

தாய்லாந்து பௌத்தர்களின் தகனச் சடங்குக்கு வருபவர்களுக்கு, இறந்தவர் நினைவாக ஒரு புத்தகம் கொடுக்கும் வழக்கம் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரச குடும்பத்தில் தொடங்கிப் பிரபுக்கள், அதிகாரிகள், வியாபாரிகள் என்று பரவியது. புத்தகத்தைத் திறந்தால் இறந்தவரின் படம், பிறந்த தேதி, இறந்த தேதி, வாழ்க்கைக் குறிப்பு, பிள்ளைகளும் நண்பர்களும் எழுதிய நினைவுகள் இருக்கும். அதோடு முடிவதில்லை. பின்பாதியில், வந்தவர்களுக்குப் பயன்படட்டும் என்று வேறு ஏதாவது ஒன்று அச்சாகியிருக்கும். புத்தர் போதனையாக இருக்கலாம், பழைய காவியமாகவோ ஊர் வரலாறாகவோ இருக்கலாம். இறந்தவர் நன்றாகச் சமைப்பவர் என்றால் அவருடைய சமையல் குறிப்புகளே இருக்கும்.

இளவரசர் தம்ரோங் அரச நூலகத்தைக் கவனித்துவந்த காலத்தில் ஒரு நல்ல வழி கண்டுபிடித்தார். புத்தகம் போட விரும்பும் குடும்பங்களுக்கு நூலகத்தில் கிடக்கும் பழைய சுவடிகளை எடுத்துக் கொடுத்து, அதையே அச்சிடச் சொன்னார். குடும்பத்துக்குப் புண்ணியம், நூலகத்துக்குச் செலவில்லாமல் பதிப்பு. தாய்லாந்தின் எத்தனையோ வரலாற்று நூல்களும் இலக்கியங்களும் முதன்முதலில் அச்சேறியது இப்படித்தான்.

பழைய புத்தகக் கடைகளில் இன்றும் இவற்றைத் தேடி அலைபவர்கள் இருக்கிறார்கள். பாங்காக்கில் வாட் போவோன்னிவேட் கோயில் நூலகத்தில் பெரிய சேகரிப்பு இருக்கிறது. கடைக்கு வராத, விலை போடாத புத்தகம் இது. 'ஒருவர் வருஷத்துக்கு எத்தனை புத்தகம் வாங்குகிறார்' என்று கணக்கெடுத்தால் இதற்கு இடமே கிடையாது. ஆனாலும் ஒரு வீட்டு அலமாரியில் இதுபோல் இருபது முப்பது சேர்ந்துவிடும்.

அதற்கு முன்னால்? படிக்கும் பழக்கம் எப்போது பரவியது?

நம்மைப் போலவே அவர்களுக்கும் ஓலைச்சுவடிதான். அதோடு கோய் என்ற மரத்தின் பட்டையில் செய்த, விசிறி மடிப்பாக விரியும் புத்தகங்களும் உண்டு. சுவடிகளை வைக்கக் கோயிலில் தனிக் கட்டடம் கட்டுவார்கள். உபோன் ராச்சதானி ஊரில் வாட் துங் சீ முவாங் கோயிலின் சுவடி வீடு குளத்துக்கு நடுவே தூண்கள்மேல் நிற்கும் மரக் கட்டடம். கரையான் ஏறாமலிருக்க அந்த ஏற்பாடு. சின்ன மரப்பாலம் வழியாகத்தான் உள்ளே போக முடியும்.

அந்தக் காலத்தில் பெரும்பாலானவர்களுக்கு வாசிப்பு என்பது காதால் நடந்தது. பையன்கள் கோயிலில் துறவிகளிடம் எழுத்துக் கற்றார்கள். படிக்கத் தெரிந்த ஒருவர் ராகம் போட்டு வாசிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். சுந்தோன் பூ (1786–1855) போன்ற கவிஞர்களின் நீண்ட கதைப்பாடல்கள் அப்படித்தான் பரவின.

அச்சு வந்தது அமெரிக்க மிஷனரி டான் பீச் பிராட்லி வழியாக. 1839இல் அபினியைத் தடை செய்யும் அரசாணையை அரசருக்காக 9,000 பிரதி அச்சிட்டுக் கொடுத்தார். 1844இல் முதல் செய்தித்தாளைத் தொடங்கினார். 1861இல், லண்டனுக்குப் போன தூதுக்குழுவைப் பற்றி மோம் ராச்சோத்தாய் எழுதிய பயணக் கவிதையின் பதிப்புரிமையை 400 பாட் கொடுத்து வாங்கினார். தாய்லாந்தில் எழுத்துக்குக் காசு என்பது அங்கே தொடங்குகிறது.

ஆனால் புத்தகத்தைச் சாமானியர் கையில் சேர்த்தது வாட் கோ கோயிலுக்கு எதிரே இருந்த அச்சகம் என்றுதான் சொல்வேன். பாங்காக் சீனக் கடைவீதிப் பக்கத்தில் இருந்த அந்த அச்சகம் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கதைப்பாடல்களை மெல்லிய புத்தகங்களாகப் போட்டு, ஒன்று ஒரு சலுங், அதாவது கால் பாட், என்று விற்றது. நம் ஊர்க் குஜிலிப் பதிப்புகளை, அதாவது மலிவு விலைச் சிறு பாட்டுப் புத்தகங்களை, பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும்.

அவர்கள் எழுத்து கடினம், அதனால்தான் படிப்பது குறைவு என்று சொல்லலாமா?

சொல்லக்கூடாது. தாய்லாந்து எழுத்தில் 44 மெய்கள், தொனிக் குறிகள், சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. வெளியாளுக்கு மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்த எழுத்து பழைய கெமர் எழுத்திலிருந்தும், கெமர் எழுத்து தென்னிந்தியாவின் பல்லவ எழுத்திலிருந்தும் வந்தவை. எகர ஒலிக்கான குறியை எழுத்துக்கு முன்னால் போடுவது போன்ற பழக்கங்கள் நமக்கு அந்நியமே அல்ல. வயது வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் எழுதப் படிக்கத் தெரிந்த நாடு அது.

அப்படியானால் பள்ளிப் பிள்ளைகளின் வாசிப்புத் திறன் ஏன் சரிகிறது?

இது நியாயமான கவலை. பல நாட்டு 15 வயது மாணவர்களை ஒப்பிடும் பிசா தேர்வில் தாய்லாந்தின் வாசிப்பு மதிப்பெண் 2000இல் 431. 2018இல் 393. 2022இல் 379. அந்த வருஷம், அந்தத் தேர்வை நடத்தும் ஓ.இ.சி.டி. என்ற பொருளாதாரக் கூட்டமைப்பு நாடுகளின் சராசரி 476. கொரோனாக் காலத்துப் பள்ளி மூடலைக் காரணம் காட்டலாம், ஆனால் சரிவு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

காரணங்களில் ஒன்றைப் பற்றிப் போதிய பேச்சு இல்லை: வீட்டு மொழி. வடகிழக்கில் கோடிக்கணக்கானவர்களின் வீட்டுப் பேச்சு லாவோவோடு ஒட்டியது. தெற்குக் கோடியில் பட்டாணி, யாலா, நரத்திவாட் மாகாணங்களில் பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் பேசுவது மலாய். முதல் வகுப்பில் உட்கார்ந்ததும் பாடம் மத்தியத் தாய்லாந்து மொழியில் ஆரம்பிக்கிறது. புரியாத மொழியில் எழுத்துக் கூட்டக் கற்கும் பிள்ளைக்குப் படிப்பு என்றாலே பயம் வந்துவிடும். மகிடோல் பல்கலைக்கழகம் அந்தத் தென்பகுதியில் பட்டாணி மலாயில் தொடங்கிப் படிப்படியாகத் தாய்லாந்து மொழிக்குப் போகும் இருமொழித் திட்டம் ஒன்றை நடத்தி, 2016இல் யுனெஸ்கோவின் கிங் செஜோங் எழுத்தறிவுப் பரிசைப் பெற்றது. வழி தெரிந்திருக்கிறது. அதை எல்லாப் பள்ளிக்கும் எடுத்துப்போவதுதான் நடக்கவில்லை.

புத்தகம் கிடைப்பதில் சிக்கல் இருக்கிறதா?

இருக்கிறது. "இந்த மக்களுக்குப் படிக்கும் ஆசை இல்லை" என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியதே இதைத்தான்.

விலையை எடுத்துக்கொள்ளுங்கள். புது நாவல் ஒன்று சுமார் 300 பாட். 2025 தொடக்கத்தில் குறைந்தபட்ச நாள் கூலி மாகாணத்தைப் பொறுத்து 337 முதல் 400 பாட். ஒரு புத்தகம் வாங்க ஒரு நாள் உழைப்பைக் கொடுக்க வேண்டும் என்றால் யார் வாங்குவார்கள்? தமிழ்நாட்டில் ஒரு கட்டடத் தொழிலாளியிடம் இந்தக் கணக்கைச் சொன்னால், பதிலை அவரே சொல்லிவிடுவார்.

அடுத்தது இடம். சி-எட், நாய்-இன், பி2எஸ் போன்ற கடைகள் பெரும்பாலும் வணிக வளாகங்களுக்குள் இருக்கின்றன. வளாகம் இல்லாத ஊரில் கடையும் இருக்காது. 2018 கணக்கெடுப்பில் பாங்காக்கில் 92.9 சதவீதம் பேர் படிக்கிறார்கள், தெற்கில் 74.3 சதவீதம். இந்த வித்தியாசம் மனதில் உள்ள ஆசையின் வித்தியாசம் அல்ல, வீட்டிலிருந்து புத்தகம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதன் வித்தியாசம் என்றே நம்புகிறேன்.

மாவட்டத் தலைநகர்களில் பொது நூலகங்கள் உண்டு. இளவரசி சிரிந்தோனின் பெயரால் 1991 முதல் கட்டப்பட்ட 'சலோம் ராச்சகுமாரி' நூலகங்கள் நூற்றுக்கு மேல் இருக்கின்றன. கட்டடம் வந்துவிட்டது. புதுப் புத்தகம் வாங்கத் தொடர்ந்து பணம் வந்தால்தானே ஆட்கள் திரும்ப வருவார்கள்?

நல்ல உதாரணமும் இருக்கிறது. டி.கே. பார்க் என்ற அறிவுப் பூங்கா 2005இல் பாங்காக்கின் சென்ட்ரல் வேர்ல்ட் வளாகத்தில் திறந்தது. "சத்தம் போடாதே" என்று அதட்டாத நூலகம். இசை அறை உண்டு, பிள்ளைகள் தரையில் புரண்டு படிக்க இடம் உண்டு. பாங்காக்குக்கு வெளியே முதல் கிளை 2007இல் திறந்தது யாலாவில். 2004 முதல் குண்டுவெடிப்பும் துப்பாக்கிச் சூடுமாக இருந்த பகுதி அது. அப்படிப்பட்ட இடத்தில் முதல் கிளையை வைத்தார்களே, அந்த முடிவுக்கு எத்தனை பாராட்டும் தகும்.

அரசு வேறு என்ன செய்தது?

2009இல் வாசிப்பைத் தேசியத் திட்டமாக அறிவித்து, இளவரசி சிரிந்தோனின் பிறந்த நாளான ஏப்ரல் 2ஐ வாசிப்பு நாளாக்கினார்கள். 2013ஆம் ஆண்டுக்கான உலகப் புத்தகத் தலைநகராக யுனெஸ்கோ பாங்காக்கைத் தேர்ந்தெடுத்தது. அப்போது வாக்குத் தந்த நகர நூலகம் ராச்சதம்னோன் சாலையில் 2017இல்தான் திறந்தது. இவற்றைவிட, 2003 முதல் கைக்குழந்தை உள்ள வீடுகளுக்குப் படப் புத்தகப் பை கொடுத்துவரும் 'முதல் புத்தகம்' திட்டம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பழக்கம் அந்த வயதில்தான் ஒட்டும்.

எதை வேண்டுமானாலும் படிக்க முடியுமா?

முடியாது. அரச குடும்பத்தைப் பற்றிய சட்டம் கடுமையானது, சில நூல்கள் உள்ளே வரவே முடியாது. 2014 ராணுவப் புரட்சிக்குப் பின் பாங்காக்கில் சிலர், எல்லாரையும் கண்காணிக்கும் சர்வாதிகார அரசைப் பற்றிய ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலைப் பொது இடத்தில் சும்மா உட்கார்ந்து படித்தே எதிர்ப்புக் காட்டினார்கள், அதற்காகப் பிடிபட்டவர்களும் உண்டு. 2020 மாணவர் போராட்டத்தின்போது அரசியல் வரலாற்று நூல்களுக்கு இளைஞர்களிடையே திடீர்த் தேவை வந்தது. அப்படிப்பட்ட நூல்களை வெளியிடும் 'ஃபா தியாவ் கான்' பதிப்பகத்துக்குப் போலீஸ் வந்து நூல்களை எடுத்துப்போனது. இருபது வயதுப் பிள்ளைகள் கனமான ஆய்வு நூல்களைத் தேடித் தேடி வாங்கிய அந்த மாதங்கள் 'எட்டு வரி'ப் பேச்சுக்குத் தக்க பதில்.

இதையெல்லாம் நேரில் பார்க்க எங்கே போவது?

மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கத்தில் தேசியப் புத்தக வாரம் நடக்கும். அக்டோபரில் இன்னொரு கண்காட்சி. இரண்டும் சிரிகிட் அரசி மாநாட்டு மையத்தில்தான், நுழைவு இலவசம். மையத்துக்கு அடியிலேயே மெட்ரோ நிலையம் இருக்கிறது. கூட்டம் நம் சென்னைப் புத்தகக் காட்சிக்குச் சளைத்ததல்ல. சக்கரம் வைத்த பெட்டியை வெறுமையாக இழுத்து வந்து நிரப்பிப் போகிறவர்களைப் பார்க்கலாம். காதல் நாவல் எழுதிய இளம்பெண்ணிடம் கையெழுத்து வாங்க நீண்ட வரிசை நிற்கும்.

மற்ற நாளில் போனால் டி.கே. பார்க். பழமை பிடிக்கும் என்றால் சுரவோங் சாலையில் நீல்சன் ஹேஸ் நூலகம். 1869இல் பெண்கள் சங்கமாகத் தொடங்கி, 1922இல் இப்போதைய கட்டடத்துக்கு வந்த ஆங்கில நூலகம் அது. திங்கட்கிழமை விடுமுறை.